கனமான சுமைக்கு எடை குறைந்த பேக்: ஃப்ரேமில் மிச்சம் பிடிக்காதீர்கள்

நீண்ட நடைக்குத் தயாராகிறவர்கள் பெரும்பாலும் பேக்கை முதலில் வாங்கிவிட்டு, அதற்குள் சாமான்களைத் திணிக்கப் பார்க்கிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். கூடாரம், ஸ்லீப்பிங் பேக், மேட், அடுப்பு, மழை உடை, மாற்றுத் துணி, பவர் பேங்க், முதலுதவிப் பொருட்கள் எல்லாம் முடிவாகி, ஒவ்வொன்றும் தராசில் ஏறி இறங்கிய பிறகுதான் பேக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். அட்டையில் அச்சிட்ட எடையை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். கூடாரத்தின் முளைகளையும் கயிறுகளையும் உறையையும் சேர்க்காமல் எடை சொல்வது சாதாரணமாக நடக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். பேக்கையும் சேர்த்து, தீர்ந்துபோகாத சாமான்கள் 7 கிலோ. ஒரு நாளைக்கு 750 கிராம் உலர் உணவு என்றால் 6 நாளுக்கு 4.5 கிலோ. தண்ணீர் 3 லிட்டர், அதாவது 3 கிலோ. 230 கிராம் கேஸ் அடங்கிய குப்பி, உலோகத்தோடு சேர்த்து ஏறக்குறைய 380 கிராம். கூட்டினால் 15 கிலோவைத் தொடுகிறது. அதே ஆள் ஆறாம் நாள் காலையில் ஒரு நாள் உணவும் ஒரு லிட்டர் தண்ணீருமாக 9 கிலோவோடு கிளம்புவார். இரண்டுக்கும் நடுவே 12 கிலோ என்று சராசரி எடுத்து, அதற்கேற்ற பேக் வாங்குவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். இடுப்பெலும்பின் மேல் தோல் உரிவதும் தோளில் கன்றிப்போவதும் முதல் இரண்டு நாளிலேயே நடந்துவிடுகின்றன. சுமை குறைந்த பிறகும் அந்தப் புண்ணின் மேல்தான் பேக் உட்காருகிறது. ஆகவே பேக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டியது மிகக் கனமான அந்த முதல் காலைக்காக. வழியில் தண்ணீர் இல்லாத நீண்ட பகுதி இருந்தால் 3 லிட்டர் 6 லிட்டராகும், மொத்தம் 18 கிலோவாகும்.

மொத்தச் சுமை 9 கிலோ வரை என்றால் ஃப்ரேம் (பையின் முதுகை விறைப்பாக நிறுத்தும் சட்டம்) இல்லாத பையே போதும். மடித்த மேட் முதுகுத் தாங்கலாக வேலை செய்யும். 20 கிலோவைத் தாண்டினால் 2 கிலோ எடையுள்ள பழைய பாணிப் பேக்தான் நல்லது, அங்கே இலேசு தேடுவது வீண். இடைப்பட்ட 12 முதல் 18 கிலோ வரைதான் சிக்கலான இடம். 850 முதல் 1,300 கிராம் வரை எடையுள்ள ஃப்ரேம் பேக்குகள் இந்த இடத்துக்காகவே செய்யப்படுகின்றன. ஒன்றுக்கொன்று வேறுபாடு மிக அதிகம் உள்ளவையும் இவைதான். ‘அதிகபட்சம் 16 கிலோ’ என்று தயாரிப்பாளர் எழுதியிருந்தால், பை கிழியாது, நடக்கவும் முடியும் என்றுதான் அர்த்தம் கொள்ள வேண்டும். வசதியாக நடக்கக்கூடிய எடைக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழிப்பது என் வழக்கம்: 16 என்றால் 13.

எடை எங்கே ஒளிந்திருக்கிறது

ஃப்ரேம் வைத்தால் பேக் கனத்துவிடும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. கணக்கு அப்படிச் சொல்லவில்லை. 12.7 மில்லிமீட்டர் அகலம், 3 மில்லிமீட்டர் தடிமன், 60 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் அலுமினியப் பட்டியின் எடை 62 கிராம். இதை ‘ஸ்டே’ என்பார்கள். இரண்டு போட்டாலும் 124 கிராம்தான். மேல்மூடி மட்டும் 100 முதல் 200 கிராம் வரும். பெரிய பேக்குகளில் எடையைக் கூட்டுபவை ஜிப்புகள், தடித்த நுரை, இரட்டைத் துணி, பக்கவாட்டில் கூடுதல் வார்கள், அடிப்பகுதியில் தனி அறை. கழிக்க வேண்டுமானால் இவற்றைக் கழியுங்கள். மூடி இல்லாமல் வாயைச் சுருட்டிக் கட்டும் பை, ஒரே பெரிய அறை, வெளியே மூன்று பாக்கெட் போதும். ஃப்ரேமிலும் இடுப்புப் பெல்ட்டிலும் கை வைத்தால், நூறு கிராம் மிச்சமாகும், மற்ற பதினான்கு கிலோவும் தோளுக்கு ஏறும்.

தடிமனைக் குறைப்பதும் அதே ரகம்தான். தட்டையான பட்டியின் விறைப்பு தடிமனின் மூன்றாம் படியில் (தடிமன் × தடிமன் × தடிமன்) மாறுகிறது. 3 மில்லிமீட்டர் பட்டிக்குப் பதில் 2 மில்லிமீட்டர் போட்டால் எடை மூன்றில் ஒரு பங்கு குறையும். விறைப்போ மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். வெறும் 20 கிராமுக்காக இது நடக்கிறது. கடையில் ஸ்டேயை உருவிப் பார்க்க அனுமதித்தால் தயங்காமல் உருவிப் பாருங்கள்.

ஃப்ரேமுக்கு ஒரே ஒரு வேலை

தோள் ஸ்ட்ராப் பையோடு சேரும் இடத்துக்கும் இடுப்புப் பெல்ட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை மாறாமல் வைத்திருப்பதுதான் ஃப்ரேமின் வேலை. 1952-ல் டிக் கெல்டி விற்கத் தொடங்கிய அலுமினியக் குழாய்ப் பேக்கிலும், 1967-ல் கிரெக் லோவ் செய்த உள் ஃப்ரேம் பேக்கிலும், இன்று கார்பன் கம்பி போட்டு வருபவற்றிலும் இது மாறவில்லை. இந்தத் தூரம் நிலைத்தால் சுமை ஃப்ரேம் வழியாகப் பெல்ட்டுக்கு இறங்கி இடுப்பில் உட்காரும். ஃப்ரேம் வளைந்தால் பையின் முதுகு நீளம் சுருங்கும். அப்போது நடப்பது இதுதான்: பெல்ட் இருந்த இடத்திலேயே இருக்கும், ஸ்ட்ராப் சேரும் இடம் கீழே இறங்கும், ஸ்ட்ராப் தோளை அழுத்தும். நடப்பவர் பெல்ட்டை இன்னும் இறுக்குவார். பலன் இருக்காது, ஏனென்றால் குறை பெல்ட்டில் இல்லை.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். உங்கள் உண்மையான சாமான்களைக் கொண்டே 15 கிலோ ஏற்றுங்கள். மணல் மூட்டை வேண்டாம். அது அடியில் போய்த் தங்கி, பையின் நடுப்பகுதியைச் சோதிக்காமலே விட்டுவிடும். உணவு இன்னும் வாங்கவில்லை என்றால், தண்ணீர் பாட்டில்களைத் துணியில் சுற்றி முதுகின் நடு உயரத்தில் வையுங்கள். பையைத் தரையில் நிற்க வைத்து, ஸ்ட்ராப் சேரும் தையலிலிருந்து பெல்ட்டின் மேல் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எல்லா வார்களையும் தளர்த்திவிட்டு மாட்டுங்கள். முதலில் பெல்ட், பிறகு தோள் ஸ்ட்ராப், அடுத்து லோட் லிஃப்டர் (ஸ்ட்ராப்பின் மேல்பகுதியை ஃப்ரேம் உச்சியோடு இணைக்கும் வார்), கடைசியில் மார்பு வார். இப்போது இன்னொருவர் அதே இரு புள்ளிகளுக்கு இடையே அளக்கட்டும். ஒரு சென்டிமீட்டர் குறைந்தால் பொருட்டில்லை. இரண்டு குறைந்தால் சகித்துக்கொள்ளலாம். மூன்றுக்கு மேல் என்றால் அந்தப் பேக் அந்த எடைக்கு ஆனதல்ல, எவ்வளவு நல்ல பேக்காக இருந்தாலும்.

அதோடு நிறுத்தாமல், படிக்கட்டு ஏறி இறங்கி முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு மறுபடி அளக்க வேண்டும். கடையில் ஐந்து நிமிடம் மாட்டிப் பார்க்கும்போது எல்லாப் பேக்கும் நன்றாகத்தான் இருக்கும். துணி இழுபடுவதும், பெல்ட் நழுவுவதும், வார் பக்கிளில் வழுக்குவதும் இருபது நிமிடத்துக்குப் பிறகுதான் தெரியும். இரண்டாம் அளவு முடிந்ததும் தோள் ஸ்ட்ராப்பை முழுக்கத் தளர்த்துங்கள். பேக் பின்பக்கம் சாயலாம், ஆனால் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் பெல்ட்டுக்கும் ஃப்ரேமுக்கும் உள்ள இணைப்பு வலுவில்லை.

உயரமானவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒல்லியான தூண் வளைந்துகொடுக்கும் எடை அதன் நீளத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பது ஆய்லர் வகுத்த விதி. 46 சென்டிமீட்டர் முதுகுக்கான அளவையும் 56 சென்டிமீட்டர் முதுகுக்கான அளவையும் ஒரே பட்டியில் செய்தால், பெரிய அளவின் தாங்கும் திறன் மூன்றில் ஒரு பங்கு குறைவு. பேக்கில் ஸ்டேக்கு உள்ளே இருக்கும் சாமான்களும் பக்கத்துணை தருவதால் கணக்கு அச்சு அசலாகப் பொருந்தாது. ஆனால் போக்கு அதுதான். குள்ளமான நண்பர் 15 கிலோவோடு சிரித்துக்கொண்டே நடக்கும் அதே மாடல், உயரமானவருக்கு 12 கிலோவிலேயே தொய்வதற்கு இதுவே காரணம்.

ஃப்ரேம் வகைகள்

இரண்டு தனி அலுமினிய ஸ்டே உள்ள அமைப்பு, ஹைப்பர்லைட் சவுத்வெஸ்ட் வரிசையில் இருப்பது போல, எளிமையானது. கழற்றி முதுகுக்கேற்ப வளைக்கலாம், கெட்டால் மாற்றலாம். ஆனால் தட்டைப் பட்டி பக்கவாட்டில் வளையாவிட்டாலும், முறுக்கலுக்கு எளிதில் இணங்கும். இரண்டு பட்டிக்கும் குறுக்கே இணைப்பு இல்லாவிட்டால் கனமான சுமையில் பை பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். காஸமர் கியர் மாரிபோஸாவில் இருப்பது போல ஒரே ஸ்டேயை ‘யு’ வடிவில் வளைத்துப் போடுவது இந்த முறுக்கலை ஓரளவு குறைக்கிறது. டர்ஸ்டன் கக்வாவில் கவிழ்ந்த ‘யு’ வடிவ அலுமினியக் குழாய் இருக்கிறது. குழாய் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி விறைப்பானது. அதே எடையில் அதிகம் தாங்கும். குறை என்னவென்றால் வீட்டில் வளைக்கப் போனால் மடிந்து நசுங்கும். வந்த வடிவம் உங்கள் முதுகுக்குப் பொருந்தினால் சரி, இல்லையென்றால் வேறு பார்க்க வேண்டியதுதான்.

கார்பன் கம்பி இன்னும் இலேசு. ஜிபேக்ஸ் ஆர்க் வரிசையில் கம்பிகளை வில்லாக வளைத்து இழுத்துக் கட்டி, பையை முதுகிலிருந்து விலக்கி நிறுத்துகிறார்கள். கார்பனை உங்கள் முதுகுக்கு ஏற்ப வடிவமைக்க முடியாது. அளவு மீறினால் அலுமினியம் போல வளைந்து எச்சரிக்காது, ஒரேயடியாக முறியும். பேக்கைத் தரையில் போட்டு அதன் மேல் உட்காரும் பழக்கமுள்ளவர்கள் கார்பன் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. பிளாஸ்டிக் தகடு மட்டும் வைத்தவை, முதுகில் சாமான் குத்தாமல் காக்கும், வடிவத்தைத் தரும். நெடுக்கில் தாங்குவது குறைவு. தகட்டோடு ஒரு ஸ்டேயும் சேர்ந்தால்தான் 12 கிலோவுக்கு மேல் யோசிக்கலாம்.

இழுத்துக் கட்டிய வலை முதுகு உள்ளவற்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆஸ்ப்ரே எக்ஸோஸ் போன்ற பிரபலமான பேக்குகள் இந்த வகை. முதுகுக்கும் பைக்கும் நடுவே காற்று போகும், வியர்வை குறையும். விலை வேறிடத்தில் கொடுக்கிறோம். சுமையின் மையம் முதுகிலிருந்து 5 சென்டிமீட்டர் பின்னால் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 கிலோ பெருக்கல் 5 சென்டிமீட்டர், 75. தோளுக்கும் இடுப்புக்கும் நடுவே 45 சென்டிமீட்டர் என்றால், அந்தத் திருப்பத்தைச் சமாளிக்க ஸ்ட்ராப் தோளைப் பின்னால் இழுக்கும் விசை ஏறக்குறைய 1.7 கிலோ கூடுகிறது. நடப்பவர் அந்த அளவுக்கு முன்னே குனிவார். 9 கிலோவில் இதன் பாதிப்பு தெரியாது. கனமான சுமையோடு செங்குத்தான ஏற்றத்தில் கழுத்து சொல்லும். வெயிலில் நடப்பவர் தெரிந்தே இதை ஏற்றுக்கொள்ளலாம். தெரியாமல் வாங்கிவிட்டுக் கழுத்து வலிக்குத் தலையணையைக் குறை சொல்லக் கூடாது.

முதுகு அளவு, லோட் லிஃப்டர்

உயரத்தைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். ஒரே உயரமுள்ள இருவருக்கு முதுகு நீளம் 5 சென்டிமீட்டர் வேறுபடலாம். தலையை முன்னால் குனிந்தால் கழுத்தின் அடியில் துருத்தும் எலும்பு ஒரு முனை. இடுப்பின் இரு பக்கமும் கையை வைத்து, இடுப்பெலும்பின் உச்சியைத் தடவிப் பிடித்து, கட்டைவிரல்கள் இரண்டும் பின்னால் முதுகெலும்பில் சந்திக்கும் கோடு மறுமுனை. நிமிர்ந்து நின்று, முதுகின் வளைவோடு டேப்பை ஒட்டி இன்னொருவர் அளக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கு நடுவில் வந்தால், பெல்ட்டைச் சரியாக வைத்துக்கொண்டு இரண்டையும் சுமையோடு மாட்டிப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை. நிறுவனத்துக்கு நிறுவனம் ‘மீடியம்’ மாறும்.

லோட் லிஃப்டர் என்பது ஸ்ட்ராப்பின் மேல்பகுதியிலிருந்து ஃப்ரேமின் உச்சிக்குப் போகும் மெல்லிய வார். அது 30 முதல் 45 டிகிரி கோணத்தில் மேல்நோக்கிப் போனால்தான் பயன். அதற்கு ஃப்ரேம் தோளுக்கு மேல் 5 முதல் 10 சென்டிமீட்டர் எழ வேண்டும். தோள் மட்டத்தில் முடியும் குட்டை ஃப்ரேமில் லிஃப்டர் தைத்திருப்பது வெறும் அலங்காரம். இழுத்தால் ஸ்ட்ராப் சுருங்கும், சுமை நகராது. லிஃப்டர் தைத்த இடம் துணியா, ஃப்ரேம் உச்சியா என்று தொட்டுப் பாருங்கள். துணியானால் 15 கிலோவில் அது தொங்கும். லிஃப்டரை வீணைத் தந்தி போல இறுக்குவதும் கூடாது, ஸ்ட்ராப் தோளின் முன்பக்கத்தை அறுக்கும். ஏற்றத்தில் கொஞ்சம் இழுத்து, இறக்கத்தில் கொஞ்சம் விட்டு, நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய வார் அது.

இடுப்புப் பெல்ட்

பெல்ட் இடுப்பெலும்பின் உச்சியைக் கவ்வ வேண்டும். பெல்ட்டின் மேல் விளிம்பு உச்சிக்கு இரண்டு சென்டிமீட்டர் மேலே இருக்கலாம். வயிற்றில் கட்டினால் மூச்சு திணறும், கீழே கட்டினால் தொடை தூக்கும்போதெல்லாம் நழுவும். நுரைப் பகுதி எலும்பின் முன்முனையைத் தாண்டி வர வேண்டும். இறுக்கிய பிறகு இரு பக்க நுரைக்கும் நடுவே பக்கிளோடு சேர்த்து ஒரு கையகலமாவது இடைவெளி மிஞ்ச வேண்டும். நீண்ட நடையில் உடல் இளைக்கும். முதல் நாளே நுரைகள் முட்டிக்கொண்டிருந்தால் மூன்றாம் வாரத்தில் பெல்ட்டை இறுக்க இடமே இருக்காது. பெல்ட்டைத் தனியாக மாற்றக்கூடிய பேக்குகளுக்கு இதனால் கூடுதல் மதிப்பு: பேக் உடலில் ஓர் அளவு, பெல்ட்டில் வேறு அளவு எடுக்கலாம், இளைத்தால் சின்னதை வரவழைக்கலாம்.

பெல்ட் எதில் இணைந்திருக்கிறது என்பதுதான் நான் முதலில் பார்க்கும் விஷயம். ஸ்டேயின் அடிமுனை பெல்ட்டின் பின்பகுதிக்குள் அல்லது அதற்கு நேர் பின்னால் உள்ள உறைக்குள் உட்கார்ந்தால் சுமை நேராக இறங்கும். பெல்ட்டை பையின் பக்கத் துணியில் இரு சிறகுகளாகத் தைத்துவிட்டு, ஸ்டே எங்கோ நடுவில் முடிந்தால், சுமை துணியில் தொங்குகிறது. நுரை மிக மென்மையாக இருப்பதும் குறைதான். கடையில் மெத்தென்று இருப்பது 15 கிலோவில் தகடாகிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் பாதித் தடிமனுக்கு மேல் அமுங்காத நுரை வேண்டும். பெல்ட்டை நெடுவாக்கில் மடக்கிப் பாருங்கள். காகிதம் போல மடிந்தால் நாள் முடிவில் சுருண்டு எலும்பில் ஏறும்.

இறுக்கும் வார் நடுவிலிருந்து வெளிப்பக்கம் இழுப்பதாக இல்லாமல், பக்கத்திலிருந்து முன்னோக்கி இழுப்பதாக இருந்தால் அதே பலத்துக்கு இன்னும் நன்றாக இறுகும். தொடையின் வெளிப்பக்கம் மரத்துப்போனால் பெல்ட் அளவுக்கு மீறி இறுகி, அங்கே ஓடும் தோல் நரம்பை அழுத்துகிறது. உடனே தளர்த்தி, அரை மணி நேரம் சுமையைத் தோளுக்கு மாற்றுங்கள். விரல்கள் மரத்தாலோ கை தூக்கப் பலமில்லாமல் போனாலோ அது தோள் ஸ்ட்ராப்பின் அழுத்தம். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கொத்து நசுங்குகிறது. இதைப் பொறுத்துக்கொண்டு நடக்கக் கூடாது. வாரக்கணக்கில் நீடிக்கும் பலவீனத்தில் கொண்டுபோய் விடும்.

தோள் ஸ்ட்ராப்பில் ‘ஜே’ வடிவம், ‘எஸ்’ வடிவம் என இரண்டு உண்டு. அகன்ற தோளும் தட்டை மார்பும் உள்ளவர்களுக்கு ஜே. மார்பைச் சுற்றி வளைந்து போக வேண்டியவர்களுக்கு எஸ். ஆண், பெண் என்று அட்டையில் போட்டிருப்பதைவிட மாட்டிப் பார்ப்பது நம்பகமானது.

ஸ்டேயை முதுகுக்கு வளைப்பது

கழற்றக்கூடிய அலுமினிய ஸ்டே இருந்தும் அதை வந்த வடிவிலேயே வைத்திருப்பவர்கள்தான் அதிகம். அரை மணி நேர வேலை, பேக்கே மாறிவிடும். உருவுவதற்கு முன் இடது, வலது, மேல், கீழ் என்று மார்க்கரால் குறியுங்கள். மெல்லிய சட்டையோடு நிமிர்ந்து நில்லுங்கள். முதுகெலும்பின் மேல் வைக்காமல் அதற்குப் பக்கத்தில் தசை இருக்கும் இடத்தில் இன்னொருவர் பட்டியைப் பிடித்து எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்க்கட்டும். பெரும்பாலும் இடுப்புக்குச் சற்று மேலே, முதுகு உள்வாங்கும் இடத்தில், இரண்டு விரல் நுழையும். மேசையின் மழுங்கிய விளிம்பில் துணி போட்டு, ஒரே புள்ளியில் மடக்காமல் ஒரு சாண் நீளத்துக்கு வளைவைப் பரப்பி, கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் முதுகில் வைத்துப் பாருங்கள். உள்வளைவை முதுகின் வளைவைவிடச் சற்றுக் குறைவாகவே விடுங்கள், பெல்ட்டின் நுரை அந்த இடத்தை நிரப்பும். மேல்முனையைத் தலையிலிருந்து விலகுமாறு பின்னோக்கி இலேசாகச் சாய்த்தால், ஏற்றத்தில் அண்ணாந்து பார்க்கும்போது மண்டை இடிக்காது.

முதல் பட்டி முடிந்ததும் இரண்டாவதை அதன் மேல் வைத்தே வளையுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் பை ஒரு பக்கம் திரும்பும். தப்பாக வளைத்துவிட்டால் ஒருமுறை திருப்பலாம். அதே இடத்தில் முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அலுமினியம் இறுகி விரிசல் விடும். முனைகளில் உள்ள பிளாஸ்டிக் மூடி தொலைந்தால் உடனே டேப் சுற்றுங்கள். மூடியில்லாத முனை உறையின் அடியை அறுத்து, பெல்ட்டின் நுரையைக் கிழித்துக்கொண்டு இறங்கும்.

கொள்ளளவும் துணியும்

55 முதல் 65 லிட்டர் போதும். ஆனால் எந்த லிட்டர் என்று கேட்க வேண்டும். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப் 2153 முறையில் 20 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் உருண்டைகளை நிரப்பி அளக்கிறார்கள். சிலர் மூடிய அறையை மட்டும் சொல்கிறார்கள், சிலர் வெளிப் பாக்கெட்டையும் சுருட்டும் கழுத்தையும் கூட்டிச் சொல்கிறார்கள். 60 என்று எழுதிய இரண்டு பேக்குகளில் ஒன்றின் உள்ளறை 45 லிட்டராக இருக்கலாம். கரடி நடமாடும் சில பகுதிகளில் கட்டாயமாகும் உணவுக் குப்பியை எடுத்துப்போவதானால் அதைக் கையோடு கொண்டுபோய் உள்ளே இறக்கிப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் பேர்வால்ட் பிவி500 ஏறக்குறைய 22 சென்டிமீட்டர் விட்டம், 32 சென்டிமீட்டர் உயரம். நிமிர்த்தி வைத்தால் பெரும்பாலான பைகளில் நுழையும். ஆழம் குறைந்த பையில் முதுகுப்பக்கம் உருண்டு துருத்தும். அதைத் தடுக்க விறைப்பான ஃப்ரேம் வேண்டும், தகடு மட்டும் உள்ள பை வளைந்துகொடுத்துவிடும்.

துணியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. 200 டெனியர் (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) அளவிலான நைலான் உடலுக்கும், அதைவிடத் தடித்தது அடிக்கும் இருந்தால் போதும். படலம் ஒட்டிய புதுவகைத் துணிகள் தண்ணீர் இழுக்காது, இலேசு. ஆனால் மடிப்புகளில் உள்படலம் உரியத் தொடங்கும். எந்தத் துணியானாலும் தையல் ஓட்டை வழியே மழை வரும், உள்ளே ஒரு தடித்த பிளாஸ்டிக் பை போட்டுத்தான் ஆக வேண்டும். துணியைவிடத் தையலைப் பாருங்கள். ஸ்ட்ராப்பின் மேல் இணைப்பு, கீழ் இணைப்பு, பெல்ட் இணைப்பு, லிஃப்டர் இணைப்பு ஆகிய இடங்களில் நெருக்கமான குறுக்குத் தையல் இருக்கிறதா, தையல் ஒற்றைத் துணியில் நிற்கிறதா, வேறு பட்டியும் சேர்த்துத் தைத்திருக்கிறதா? ஒற்றைத் துணியானால் கனமான சுமையில் ஊசி ஓட்டைகள் நீண்டு கண்ணீர்த் துளி வடிவமாகும். கிழிவதற்கு முந்தைய கட்டம் அது.

ஏற்றும் முறை, வழியில் கவனிக்க வேண்டியவை

ஸ்லீப்பிங் பேக் அடியில். அதன் மேல் உணவுப் பையை முதுகை ஒட்டி, இடுப்புக்கும் தோள் எலும்புக்கும் நடு உயரத்தில். தண்ணீர் இரு பக்கப் பாக்கெட்டிலும் சமமாக. ஒரு பக்கம் மட்டும் குடித்துக்கொண்டே போனால் ஒரு கிலோ சாயும், மாலையில் ஒரு இடுப்பு மட்டும் வலிக்கும். பெரிய முன்பக்க வலைப் பாக்கெட்டில் நனைந்த கூடாரத் துணி, மழை உடை போன்றவை மட்டும். அங்கே இரண்டு கிலோ உணவைத் திணித்தால் மேலே போட்ட நெம்புகோல் கணக்கு திரும்ப வரும், இந்த முறை 20 சென்டிமீட்டர் தூரத்தில். உணவு தீரத் தீரப் பை தளரும். பக்க வார்களால் இறுக்காவிட்டால் சாமான்கள் அடியில் சரியும், ஃப்ரேம் நன்றாக இருந்தும் பேக் பின்னால் இழுக்கும்.

மணல் புகுந்த பக்கிளில் வார் வழுக்கும். பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினால் சரியாகும். 10 மில்லிமீட்டர் அகல வழுக்கு வார்கள் கழுவினாலும் நழுவும். முனையை ஒரு முடிச்சுப் போட்டுச் சமாளிக்கலாம். பெல்ட் பக்கிள் உடைந்தால் அந்த நாள் நடை அத்தோடு போச்சு, ஆகவே நடுக்கம்பி வெட்டுள்ள, தைக்காமலே மாட்டக்கூடிய ஒரு பக்கிளை வாரின் அகலம் பார்த்துக் கூடவே வைத்திருங்கள், 15 அல்லது 20 கிராம்தான். தடித்த ஊசி ஒன்று, பாலியஸ்டர் நூல், ஒரு மீட்டர் துணி டேப். தையல் பிரிந்தால் பழைய ஓட்டைகளிலேயே தைக்காமல், அரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, பின்னே ஒரு பட்டித் துணி வைத்துத் தையுங்கள்.

புதிதாக உணவு ஏற்றும் ஒவ்வொரு முறையும், பை காலியாக இருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் ஸ்டே உறையின் அடியை விரலால் தடவிப் பாருங்கள். நூல் துருத்துகிறதா, துணி மெலிந்திருக்கிறதா என்று அப்போது மட்டும்தான் தெரியும். நடை முடிந்ததும் வியர்வை உப்பை வெந்நீர் இல்லாமல், மிதமான சோப்பில் அலசி, நிழலில் முழுக்கக் காயவைத்துத் தொங்கவிடுங்கள். உள்ளே பாலியூரித்தேன் பூச்சுள்ள பையை ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூச்சு பிசுபிசுத்து நாறத் தொடங்கும், அதன் பிறகு அதை மீட்க வழியில்லை.